எதற்குப் பயந்தார்கள் என்று எழுது

சிவப்பு மையை அவரைப்போல வீணாக்கியவர்கள் எங்கள் பள்ளியில் வேறு யாரும் இல்லை. பரீட்சைத் தாள் கட்டு வந்தால் நான் ஒரே மாலையில் திருத்தி முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். நான் கணக்கு டீச்சர். விடை சரியாக இருக்கும், இல்லாவிட்டால் தப்பாக இருக்கும். அவர் சரித்திர டீச்சர். ஒரே தாளை வைத்துக்கொண்டு, எழுதிய பெண் எதிரே நிற்பதுபோல ஓரமெல்லாம் எழுதிக்கொண்டே இருப்பார். மறுபடியும் மை கேட்டுப் போனால் தலைமையாசிரியை முகத்தைச் சுளிப்பார்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். புராட்டஸ்டண்ட் மதம் கத்தோலிக்க மதத்திலிருந்து பிரிந்ததற்கான காரணங்களையும் விளைவுகளையும் எழுதச் சொல்லிக் கேள்வி. ஒரு பெண் எடுத்த எடுப்பிலேயே, 'அக்காலத்தில் போப்பாண்டவர் மிகவும் கெட்டவராக இருந்தார்' என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில், 'கெட்டவர் என்று எழுதாதே. எதற்குப் பயந்தார் என்று எழுது' என்று எழுதினார். அடுத்த தாளில் இன்னொருத்தி, கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண், வீட்டில் கேட்டுக்கொண்டு வந்திருப்பாள் போல, 'லூதர் திமிர் பிடித்தவர்' என்று ஆரம்பித்திருந்தாள். அவளுக்கும் அதே சிவப்பு மை, அதே வாக்கியம்.

"நீங்க யாரு கட்சி டீச்சர்?" என்று கேட்டேன்.

"நான் புராட்டஸ்டண்டும்மா. எங்கப்பா சபையில உபதேசியாரா இருந்தவரு. அதனாலதான் போப் பக்கத்தை ரெண்டு தபா படிச்சிட்டு வரேன்" என்றார்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி. வீட்டில் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்தவள். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவேன். அவரோ ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன்னால் எதிராளியின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுவார். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெள்ளைப் பருத்திப் புடவையில் இருப்பார். நெற்றியில் பொட்டில்லை, தலையில் பூவில்லை. ஊரே பட்டு நெய்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்க, எங்கள் தெருப் பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டு எழவுக்குப் போயிட்டு வராங்க?" என்று என்னிடம் கேட்பார்கள். பள்ளியில் எல்லாருக்கும் அவர் ஹிஸ்டரி டீச்சர். பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

அவர் அந்தப் பாடம் நடத்தும் நாட்களில் பக்கத்து வகுப்பில் என்னால் கணக்குப் போட முடியாது. ஜெர்மனி எங்கே இருந்தால் எங்கள் பெண்களுக்கு என்ன? அது அவருக்கும் தெரியும். ஜெர்மனியை விட்டுவிட்டுச் சின்னக் காஞ்சிபுரத்தில் ஆரம்பிப்பார்.

"வரதராஜப் பெருமாள் எத்தினி பேரு?"

"ஒருத்தர்தான் டீச்சர்!"

"ஆழ்வாருங்க பாட்டு?"

"அதுவும் ஒண்ணுதான் டீச்சர்!"

"அப்புறம் எதுக்கு, யாரு முன்னாடி நின்னு பாடறதுன்னு கோர்ட்டுக்குப் போயிக்கினு இருக்காங்க?"

அந்த வகுப்பில் வடகலை வீட்டுப் பெண் ஒருத்தியும் தென்கலை வீட்டுப் பெண் ஒருத்தியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் இடும் நாமத்தின் வடிவத்திலிருந்தே ஒத்துப்போகாத இரண்டு வைணவப் பிரிவுகள் அவை. பெண்கள் இருவரும் உயிர்ச் சினேகிதிகள். இவர் இருவரையும் எழுப்பி, வடகலைப் பெண் தென்கலை நியாயத்தைப் பேச வேண்டும், தென்கலைப் பெண் வடகலை நியாயத்தைப் பேச வேண்டும் என்றார்.

"ஐயையோ, எங்காத்துல கேட்டா தோலை உரிச்சுடுவா டீச்சர்!"

"அவங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு மட்டும் சொல்லு. சரின்னு சொல்ல வேணாம்."

இரண்டு பெண்களும் வெளுத்து வாங்கினார்கள். அந்தச் சூட்டோடு ஜெர்மனிக்குப் போனார். "கடவுள் முன்னாடி தனியா நிக்கிற அன்னிக்கு, இன்னொருத்தர் காசுக்குக் குடுத்த மன்னிப்புச் சீட்டு செல்லாமப் போயிடுமேன்னு லூதர் பயந்தாரு. அவனவன் வேதத்தைக் கையில எடுத்துக்கினு நானே படிச்சிக்கிறேன்னு கிளம்பினா, ஒரு வீடு நூறு வீடாப் போயிடுமேன்னு போப் பயந்தாரு. ரெண்டு பயமும் நெசம். இப்ப எழுதுங்க."

மறுநாள் காலை இரண்டு பெண்களின் அப்பாக்களும் தலைமையாசிரியை அறையில் நின்றார்கள். ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், புகார் கொடுக்க ஒரே குதிரை வண்டியில் வந்து இறங்கியிருந்தார்கள். அதற்கே அவருக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம். தலைமையாசிரியை மாலை போடவில்லை, வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆசிரியர் அறைக்குத் திரும்பி வந்து, "ரெண்டு அப்பாவுக்கும் ஒரே பயம்மா. பொண்ணு அந்தப் பக்கத்தை இவ்ளோ நல்லாப் பேசிட்டாளேன்னு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் கணவர் கத்தோலிக்கர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். இரண்டு வீட்டு எதிர்ப்பையும் மீறி நடந்த கல்யாணம். அந்த நாளில் கத்தோலிக்கர் ஒருவர் புராட்டஸ்டண்ட் பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கர்களாகவே வளர்ப்பேன் என்று பெண் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். கோயிலுக்குள்ளே பீடத்துக்கு முன்னால் தாலி கட்டவில்லை. சாமியார் பூசைக்கு உடை மாற்றும் பக்கத்து அறையில், பூசையில்லாமல், நாலு பேரை வைத்துக்கொண்டு முடித்தார்கள். இவருடைய சபை, ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவரை இனி வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. மாமியார் கடைசி வரைக்கும் 'பதிதர் வீட்டுப் பொண்ணு' என்றுதான் சொன்னாராம். வழி தவறிப் போனவர்கள் என்று அதற்குப் பொருள். மகளுக்கு நாலு வயது ஆவதற்குள் கணவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தைக் கேட்பார் யாருமில்லை. மாமியார் வீடு திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தன் சபைக்கே தூக்கிக்கொண்டு போயிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? இவர் அதைச் செய்யவில்லை. ஒரு மாலை நான் போனபோது, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பாதி மந்திரத்தை இவர் சொல்ல, மீதிப் பாதியை மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாவை நோக்கிச் செபிப்பது இவர்கள் மார்க்கத்தில் கிடையாது என்று இவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாளிடம் போய்க் கேட்டு, மனப்பாடம் செய்து, மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம்.

"நீங்க இதை நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நம்பலம்மா."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அவரு இருந்தா எப்பிடிச் சொல்லிக் குடுத்திருப்பாரோ, அப்பிடிச் சொல்லிக் குடுக்கணும் இல்ல? அரைகுறையாச் சொல்லிக் குடுத்தா ஏமாத்தினா மாதிரி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிடுவார். தான் வாழ்நாளில் பூ வைத்தறியாதவர் எங்கே கற்றுக்கொண்டாரோ, அவ்வளவு நெருக்கமாகத் தொடுப்பார். மகளை மாதா கோயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தன் சபைக்கு நடப்பார். அங்கே, 'செபமாலை சொல்ற வீடு' என்று பெண்கள் பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். ஆராதனை முடிந்து மறுபடி கோயில் வாசலுக்கு வந்து நிற்பார். உள்ளே போனால் சபையில் பேச்சு வரும், போகாவிட்டால் கோயில்காரர்களுக்கு மனத்தாங்கல். வாசல் இரண்டு பேருக்கும் பொது.

அப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளேயிருந்து பூசை தமிழில் கேட்டதாம். அதுவரை அங்கே எல்லாம் லத்தீன்தான். திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வரும்போதே முகம் பளபளவென்று இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையே கூடி முடிவெடுத்து, ஊர் ஊருக்கு அவரவர் பாஷையில் பூசை வைக்கச் சொல்லிவிட்டதாம்.

"அவங்க அவங்க பாஷையில சாமியக் கும்பிடணும்னுதான்மா எங்க ஆளுங்க நானூறு வருசத்துக்கு முன்னாடி சண்டை போட்டாங்க. இப்ப இவங்களே குடுத்துட்டாங்க! எங்களைக்கூட இப்போ பிரிஞ்சு போன சகோதரருங்கன்னு சொல்றாங்க. பதிதர்னு சொல்றதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா கல்யாணத்தை உள்ளேயே வெப்பாங்க. நானும் உள்ள போயி உக்காரலாம்" என்றார். அத்தனை காலமும் அந்தப் பக்கத்து அறையை அவர் மறக்கவே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பாப்பா என்று அவர் கூப்பிட்ட அந்த மகளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த வருஷம், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தான் கன்னியாஸ்திரீ ஆக விரும்புவதாகச் சொன்னாள். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு மடம், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்கிற சிஸ்டர்கள். போனால் போனதுதான், வீட்டுக்குத் திரும்பி வந்து தங்க முடியாது. நல்ல பெண். அவள் சொன்னதில் ஒரு முரட்டுத்தனமும் இல்லை. "நீ வேணாம்னு சொன்னா நான் போகலம்மா" என்றாளாம். அதுதான் வினை. அடம் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இவர் அழுது தீர்த்திருப்பார்.

அந்த வாரம் பார்த்து அவருக்கு வகுப்பில் அதே பாடம். இந்த முறை விளைவுகள். நான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவள் ஜன்னலோரம் நின்றுவிட்டேன். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. சண்டைகள் மூண்டன, பள்ளிக்கூடங்கள் பெருகின, கத்தோலிக்கத் திருச்சபையும் தன்னைத் திருத்திக்கொண்டது என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கன்னியர் மடங்கள் பல மூடப்பட்டதையும், உள்ளே இருந்த பெண்கள் பலர் வெளியே வந்து குடும்பம் நடத்தியதையும், லூதரே அப்படி வந்த ஒருவரை மணந்ததையும் சொன்னார். விருப்பமில்லாமல் அடைபட்டவர்களுக்கு அது விடுதலை என்றார். விரும்பி இருந்தவர்களை வெளியே தள்ளியது கொடுமை என்றும் சொன்னார்.

எங்கள் பேட்டைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அந்த சிஸ்டருங்களோட அம்மாங்கல்லாம் இன்னா டீச்சர் சொன்னாங்க?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அது பாடத்துல இல்லம்மா. உக்காரு" என்றார். எனக்குத் தெரிந்து, கேள்வி கேட்ட ஒரு பெண்ணை அவர் உட்கார வைத்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று சாயங்காலம் நான் அவரை விடவில்லை. ஆசிரியர் அறையில் எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அவர்மேல் கோபம், அந்தப் பெண்மேல் கோபம், அவர்கள் சாமிமேலும் கோபம். "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பெத்து வளத்தது நீங்க. உங்களுக்கு வேற யாரு இருக்காங்க? கையெழுத்துல மடத்துக்கு அனுப்பறேன்னு எழுதியிருந்திச்சா?" என்று கத்தினேன்.

"இல்ல."

"எல்லாரையும் எதுக்குப் பயந்தாங்கன்னு கேக்கறீங்களே, நீங்க எதுக்குப் பயப்படறீங்க, அதைச் சொல்லுங்க."

மேசைமேல் இருந்த சிவப்பு மைப்புட்டியை மூடினார். பிறகு சொன்னார். "சாயங்காலம் வூட்டுக்குப் போயி நானே பூட்டைத் திறக்கணும்மா. உள்ளேர்ந்து யாரும் திறக்க மாட்டாங்க. சாவற வரைக்கும் நானேதான் திறக்கணும். அதுக்குத்தான் பயப்படறேன்."

"அப்போ வேணாம்னு சொல்லுங்க!"

"மனுசன் மனசாட்சிக்கும் கடவுளுக்கும் நடுவுல யாரும் குறுக்க நிக்கக்கூடாதுன்னுதான் நாங்க பிரிஞ்சு வந்தோம். போப் நிக்கக்கூடாது, சாமியார் நிக்கக்கூடாதுன்னு வகுப்பு வகுப்பாச் சொல்லிக் குடுத்தேன். அம்மா மட்டும் நிக்கலாமா?"

கணக்கில் இப்படி வராது. ஒரு மார்க்கம் மகளை அந்தப் பக்கம் இழுக்க, தன் மார்க்கம் இவரைத் தடுக்கவிடாமல் கையைக் கட்டிப்போட, நடுவில் ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை இழந்துகொண்டிருந்தார். அவர் போகச் சொல்லிவிட்டார். ஜூன் மாதத்தில் மகள் போனாள்.

அதற்குப் பிறகு மணி அடித்து வெகு நேரமாகியும் அவர் ஆசிரியர் அறையை விட்டுப் போக மாட்டார். வாட்ச்மேன் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். பாவம், அவனும் நேரடியாகச் சொல்ல மாட்டான். ஞாயிறு காலையில் பூக்காரி பழக்கத்தில் வந்து கூப்பிடுவாள். அவளிடம் வேண்டாமென்று சொல்ல மனம் வராமல் வாங்கி, திங்கட்கிழமை வரை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து என்னிடம் கொடுப்பார். வாடிய பூ. நானும் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். எவ்வளவோ தடவை என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வந்து, தறிச் சத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "நல்லா இருக்குது உங்க வூட்டுச் சத்தம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். தெருமுனை திரும்பும் வரை அந்த வெள்ளைப் புடவையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

பயிற்சிக் காலம் முடிந்து மகள் முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் வந்தது. இனி துறவியாகவே வாழ்வேன் என்று பீடத்துக்கு முன்னால் உறுதி சொல்கிற சடங்கு அது. உறவுக்காரர்கள் வரலாம். இவருடைய சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை, கணவர் வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. நான் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ரயிலில் அவரோடு செங்கல்பட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் என்னென்னவோ உளறிக்கொண்டே வந்தேன்.

மடத்துக் கோயில் சின்னதுதான். பெண்கள் பக்கத்தில், நடுவழி ஓரமாக எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். முதல் தடவையாக அவர் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளே, பூசைக்கு உட்கார்ந்திருந்தார். மகள் வெள்ளை அங்கியும் முக்காடுமாக வந்து மண்டியிட்டு, நடுங்காத குரலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தையும் இவருக்கு விளங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

பிறகு கோயிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். நன்மை வாங்கப் போகிறார்கள் என்று அவர் என் காதில் சொன்னார். சாமியார் நாக்கில் வைக்கிற அந்த மெல்லிய வெள்ளை அப்பத்துக்குத்தான் அப்படிப் பெயர். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே போனார்கள். முன்வரிசை காலி, பின்வரிசை காலி. அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேற்று மதத்துக்காரி, உட்கார்ந்திருப்பது நியாயம். பெற்றவள் எதற்கு என்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும்? "நீங்களும் போயி வாங்கிக்கோங்க டீச்சர். உங்க பொண்ணு கூட நின்னு வாங்கிக்கோங்க. நீங்க யாருன்னு இங்க யாருக்குத் தெரியும்?" என்று கிசுகிசுத்தேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றார். "அது நெசமாவே கர்த்தரோட உடம்புன்னு அவ நம்பறா. நான் அப்பமா இருக்குதுன்னுதான் நம்பறேன். அப்பம்னு நெனச்சுக்கினு போயி நாக்க நீட்டினா, அவ சாமிய நான் கேலி பண்ணினா மாதிரி. இன்னிக்கு அதைச் செய்வனா?"

வாங்கியவர்கள் கைகூப்பிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். மகளும் நடுவழியில் வந்தாள். கண்ணைத் தாழ்த்தி, கைகளைக் குவித்து, எங்கள் பெஞ்சை ஒட்டி, ஒரு கை தூரத்தில் வந்தாள். முக்காட்டின் ஓரம் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதைச் சரி செய்ய அவர் கை தானாகவே எழுந்தது. அரை வழி போய் நின்றுவிட்டது.

"தொடுங்க டீச்சர்" என்றேன். "ஒரு தடவை தொடுங்க."

"இப்ப கூடாதும்மா. அவ வாயில அவ சாமி இருக்குது."

மகள் எங்களைக் கடந்து போனாள். எழுந்த அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.